நாரி பிடித்த நாலாம் நாள்

போன மாதம் முடிக்கும்போது, அடுத்த முறை பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கதைப்போம் என்று எழுதியிருந்தேன். மன்னிக்கவும், அது இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகுது. இந்த முறை என்னுடைய நாரியைப் பற்றித்தான் கதைக்க வேண்டியிருக்கு.

நாரி என்றால் யாழ்ப்பாணத்துக்காரருக்கு முதுகு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடம். என்னுடைய டீம் லீட் சென்னைக்காரர். அவருக்கு "நாரி பிடிச்சிட்டுது, இண்டைக்கு வரமாட்டன்" என்று செய்தி அனுப்பினேன். "யாரு பிடிச்சாங்க?" என்று பதில் வந்தது. அவருக்கு நாரி என்றால் பெண். இடுப்புப் பிடிப்பு என்று விளக்கம் கொடுத்த பிறகுதான் லீவு கிடைத்தது.

நடந்தது பெரிய விஷயமே இல்லை. ஞாயிறு காலை நீச்சல் வகுப்பு முடிந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தி, மூன்று வயது மகளைப் பின் இருக்கையிலிருந்து தூக்கினேன். 14 கிலோ. ஒரு கையில் ஈரத் துவாய்ப் பை, மற்றக் கையில் அவள், உடம்பு பாதி திரும்பின நிலை. முதுகுக்குள்ளே யாரோ கயிற்றைச் சுண்டி இழுத்த மாதிரி ஒரு நோ. அவளைக் கீழே விடாமல் எப்படியோ இறக்கிவிட்டு, அப்படியே கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிரவும் ஏலாது, குனியவும் ஏலாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா தோட்டத்திலிருந்து எட்டிப் பார்த்து, "லோவர் பேக்கா?" என்று கேட்டார். நின்ற கோலத்தைப் பார்த்தே தெரிந்திருக்கு.

உள்ளே வந்து ஹோலில் தரையிலேயே படுத்துவிட்டேன். மகள் தன்னுடைய பிளாஸ்டிக் டொக்டர் பெட்டியைக் கொண்டுவந்து, என் முழங்காலில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, அம்மாவிடம் ஓடிப்போய், "அப்பா பிரோக்கன்" என்று அறிவித்தாள்.

மனைவி 111க்கு எடுத்தார். அந்தப் பக்கத்தில் இருந்த பெண்மணி வரிசையாகக் கேள்வி கேட்டார். சலம் போக முடியுதா, அடக்க முடியுதா? இரண்டு தொடைகளுக்கும் நடுவில், சைக்கிள் சீற்றில் படுகிற இடம், மரத்த மாதிரி இருக்கா? இரண்டு கால்களிலும் பலம் குறைந்திருக்கா? காய்ச்சல்? அண்மையில் காரணமில்லாமல் மெலிந்ததா? முன்பு புற்றுநோய் வந்ததா? விழுந்து அடிபட்டதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். இந்தக் கேள்விகளை நீங்களும் ஞாபகத்தில் வைத்திருங்கள். சலம் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, அந்த இடம் மரத்தாலோ, அது முள்ளந்தண்டின் அடியில் இருக்கிற நரம்புக் கற்றை நெரிபடுகிற அறிகுறி. மணித்தியாலக் கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். ஒத்தணத்துக்கும் ஊசிக்கும் அங்கே வேலை இல்லை.

என்னுடையது அது இல்லை. ஆகவே அவர் சொன்னது சுருக்கமாக இவ்வளவுதான்: வயிறு, சிறுநீரகம், ஆஸ்துமா பிரச்சினை இல்லையென்றால் சாப்பாட்டோடு இபுபுரோஃபன் போடுங்கள், சூட்டுப் பை வையுங்கள், படுத்துக் கிடக்காதீர்கள். ஏலுமான அளவு எழும்பி நடவுங்கள்.

கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

1998இல் எனக்குப் பத்து வயது. அப்பா லண்டனில் ஒரு கேஷ் அண்ட் கேரியில் வேலை. 20 கிலோ அரிசி மூட்டைகளை இறக்கும்போது நாரி பிடித்தது. வந்த பெரியாக்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "ஆடாமல் அசையாமல் பலகையில் படுக்க வேணும்." பழைய கதவொன்றைக் கழற்றி, அதன்மேல் போர்வை விரித்து, முன்னறையில் அப்பாவைக் கிடத்தினார்கள். ஆறு கிழமை. அம்மா சித்தாலேப பூசுவார், நல்லெண்ணெய் காய்ச்சி ஒத்தணம் போடுவார். எங்களுக்கு "அப்பாவில ஏறாதேங்கோ, தொடாதேங்கோ" என்று கட்டளை. ஆறு கிழமைக்குப் பிறகு எழும்பின அப்பா வேறு ஆள். கால்கள் மெலிந்திருந்தன. குனிய வேண்டிய எதையும் செய்யப் பயம். அந்த வேலைக்குத் திரும்பவே இல்லை. தங்கச்சிக்கு அப்போது மூன்று வயது. அதற்குப் பிறகு அப்பா அவளைத் தூக்கி நான் பார்த்ததில்லை.

யாரிலும் பிழை சொல்லவில்லை. அன்பினால் செய்தது. ஆனால் அந்தக் காலத்திலேயே பதில் வந்திருந்தது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 1995இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி மாநகர ஊழியர்கள் 186 பேரை, திடீரென்று நாரி பிடித்தவர்களை, மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு "நோ விடுகிற அளவுக்கு வழமையான வேலையைப் பாருங்கள்" என்ற அறிவுரை மட்டும். மூன்றாவது குழுதான் முன்னுக்கு நின்றது. படுத்தவர்கள் கடைசி. இரண்டு நாள் படுத்ததற்கே அந்த நிலை. அப்பா படுத்தது 42 நாள்.

ஆகவே நான் எழும்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் ஹோலுக்கும் நடை. தொண்ணூறு வயதுக்காரர் மாதிரி. திங்கள், செவ்வாய் அப்படியே போனது. இரவில் திரும்பிப் படுப்பதுதான் பெரிய பாடு. இரண்டு முழங்காலையும் மடித்து, உடம்பை ஒரே மரக்குற்றி மாதிரி உருட்ட வேண்டும். இந்த ஒரு வித்தை என்னை எந்த மருந்தைவிடவும் காப்பாற்றியது.

செவ்வாய் பின்னேரம் அம்மா வந்தார். கையில் சித்தாலேப, சுடுதண்ணிப் போத்தல், ஒரு விசிட்டிங் கார்ட்.

"தம்பி, உந்தக் குளிசையை விடு. ஹை ஸ்ட்ரீட்டில ஒரு சீனத்துப் பிள்ளை ஊசி குத்துறா. எங்கட கோயில் மாமிக்கு முழங்கால் நோ ரெண்டு முறையிலேயே மாறிட்டுது."

"அம்மா, அது ஒண்டும் நிரூபிச்ச வைத்தியம் இல்லை."

"ஏன் இல்லை? கொழும்பில களுபோவில ஆஸ்பத்திரியிலேயே குத்தினவை. விசாவுக்கு நிக்கேக்க நான்தானே பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனனான். லைனில நிண்டு குத்துவிச்சவ."

அது உண்மை. இலங்கையில் அக்குபங்சரைப் பிரபலமாக்கிய டொக்டர் அன்ரன் ஜயசூரிய களுபோவில கொழும்பு தெற்கு ஆஸ்பத்திரியில்தான் அந்தச் சிகிச்சையை நடத்தினார். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் அங்கே படிக்க ஆட்கள் வந்தார்கள். எங்கள் பெற்றோரின் தலைமுறைக்கு அக்குபங்சர் என்பது அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்த ஒரு வைத்தியம். நாங்கள் "ஓல்டர்னேட்டிவ்" என்று சொல்லி முகம் சுளிப்பது அவர்களுக்கு விளங்காதது நியாயம்தான்.

நான் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் மகள் செவ்வாய் இரவு படுக்கைக்குப் போகும்போது வழமைபோலக் கையை நீட்டி "தூக்கு" என்று கேட்கவில்லை. தூரத்தில் நின்று கையை ஆட்டிவிட்டுப் போனாள். அதைப் பார்த்த பிறகு எதையும் செய்து பார்க்கலாம் என்று மனம் வந்துவிட்டது. புதன்கிழமை அம்மாவோடு போனேன். நோ வந்து நாலாம் நாள்.

சிறிய கடை. முன்னால் போத்தல்களில் காய்ந்த வேர்கள், பின்னால் ஒரு கட்டில். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார், எங்கே நோ என்று தொட்டுப் பார்த்தார். மரத்தலும் பலவீனமும் இருக்கா என்று அவரும் கேட்டார். அது எனக்குப் பிடித்தது. பிறகு உறையைக் கிழித்துப் புதிய ஊசிகளை எடுத்தார். தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். தடுப்பூசி ஊசியை நினைத்துப் பயந்த எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் கட்டிலில் குப்புறப் படுக்கப் போக, "வேண்டாம், நில்லுங்கள்" என்றார். முதுகில் ஒன்றும் செய்யவில்லை. வலது புறங்கையில், விரல் எலும்புகளுக்கு நடுவே இரண்டு இடத்தில் குத்தினார். சீன மொழியில் அந்தப் புள்ளிகளுக்குப் பெயரே 'இடுப்பு நோப் புள்ளி' என்ற மாதிரித்தான், யாவ்தொங்தியென். குத்தும்போது வலி இல்லை. ஊசியைச் சுழற்றும்போது உள்ளங்கை வரைக்கும் ஒரு கனமான விறைப்பு. அதைத்தான் அவர்கள் 'தெசீ' என்பார்கள், சக்தி வந்து சேர்ந்ததற்கு அடையாளம் என்று அவர்கள் கணக்கு. பிறகு சொன்னார்: "இப்ப நடவுங்கள். இடுப்பை இரண்டு பக்கமும் திருப்புங்கள். குனியப் பாருங்கள்."

கையில் ஊசி ஆடிக்கொண்டிருக்க, அந்தச் சின்ன அறையில் 20 நிமிடம் நடந்தேன். முதல் ஐந்து நிமிடம் பயம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தேன். கை முழங்காலைத் தாண்டிப் போனது. அம்மா கதிரையில் இருந்து, "பாத்தியே?" என்றார். 55 பவுண். பத்து முறைக்குச் சேர்த்துக் கட்டினால் 450 என்று ஒரு அட்டையை நீட்டினார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். காருக்குள் ஏறும்போது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்தடவையாகக் கதவைப் பிடிக்காமல் ஏறினேன்.

இதில் எனக்குள்ளே இருக்கிற இன்ஜினியருக்கு நித்திரை வரவில்லை.

ஒரே இரவில் மூன்று மாற்றங்களைச் சேர்த்து டிப்ளோய் பண்ணிவிட்டு, விடிய சேர்வர் நல்லாக ஓடுது என்றால், எது சரிசெய்தது என்று யாராலும் சொல்ல ஏலாது. சிலவேளை ஒன்றுமே இல்லை, அது தானாகவே ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். என் நாரிக்கும் அதே கதை. இபுபுரோஃபன் மூன்று நாள் போயிருந்தது. சூடு வைத்திருந்தேன். நடந்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, திடீரென்று வருகிற நாரிப் பிடிப்பு பெரும்பாலான ஆட்களுக்குச் சில கிழமைகளில் தானாகவே குறையும். நோ உச்சத்தில் இருக்கும்போதுதான் நாங்கள் வைத்தியரைத் தேடுவோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான். அந்த நேரம் யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவருக்குப் பேர்.

இதற்குத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிற சோதனை வேண்டும். அக்குபங்சரில் அதைச் செய்கிற விதமே சுவாரசியம். ஒரு குழுவுக்கு உண்மையான ஊசி. மற்றக் குழுவுக்குப் பொய் ஊசி. சில ஆய்வுகளில், கூத்தில் குத்துகிற கத்தி மாதிரி, தோலில் பட்டதும் பிடிக்குள்ளே போய்விடுகிற ஊசி. சிலவற்றில் உண்மையான ஊசியையே புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது.

ஜேர்மனியில் இருக்கிற வாசகர்களுக்கு இது நேரடியாகப் பட்ட விஷயம். அங்கே 1,162 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்து 2007இல் வெளிவந்தது. எல்லாரும் வருடக்கணக்கில் நாரி நோ உள்ளவர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், உண்மையான ஊசிக்குப் பலன் கண்டவர்கள் 47.6 சதவீதம். பொய் ஊசிக்கு 44.2. மருந்து, உடற்பயிற்சி, பிசியோ என்ற வழமையான சிகிச்சைக்கு 27.4. இந்த மூன்று எண்களையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் இல்லை என்று சொல்லலாம். இரண்டுமே வழமையான வைத்தியத்தை நன்றாக வென்றுவிட்டன என்றும் சொல்லலாம். இரண்டுமே சரி. எந்த இடத்தில் குத்துகிறோம் என்பது பெரிதாக முக்கியமில்லை, ஆனால் யாரோ ஒருவர் நேரம் எடுத்து, தொட்டு, கவனித்து, ஊசி குத்துவதில் ஏதோ இருக்கு.

அதே எண்களைப் பார்த்த நாடுகள் வேறு வேறு முடிவுக்கு வந்தன. ஜேர்மனியில் நாட்பட்ட நாரி நோவுக்கும் முழங்கால் தேய்வுக்கும் 2007 முதல் பொதுக் காப்புறுதி காசு கொடுக்குது. இங்கே பிரித்தானியாவில் நைஸ் என்ற அமைப்பு 2009இல் ஆறு கிழமைக்கு மேற்பட்ட நோவுக்குப் பத்து முறை வரைக்கும் கொடுக்கலாம் என்றது. 2016இல், பொய் ஊசியை வெல்லாத ஒன்றைக் கொடுக்க வேண்டாம் என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்காவில் மெடிகேர் 2020 முதல் காசு கொடுக்குது, ஆனால் 12 கிழமைக்கு மேல் இருக்கிற நோவுக்கு மட்டும். நியூஜெர்சியில் இருக்கிற மாமாவும் லண்டனில் இருக்கிற மாமியும் இதைப் பற்றிச் சண்டை பிடித்தால், இரண்டு பேரும் தங்கள் தங்கள் நாட்டு அதிகாரிகள் சொன்னதைத்தான் சொல்லுகினம்.

ஆனால் கவனியுங்கள், இவை பெரும்பாலும் நாட்பட்ட நோவைப் பற்றியவை. என்னுடையது நாலு நாள் நோ. அதற்கான ஆய்வுகள் குறைவு, சின்னவை. 2013இல் வெளிவந்த ஒரு தொகுப்பில் 11 சோதனைகள், மொத்தம் 1,139 பேர்தான். பொய் ஊசியைவிட நோ கொஞ்சம் குறைந்தது, ஆனால் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிற திறனில் வித்தியாசம் இல்லை. அதே ஆண்டில் கொரியாவில் 58 பேரை வைத்து, எனக்குச் செய்த மாதிரியே ஊசியோடு நடக்கவைத்துப் பார்த்திருக்கிறார்கள். வலி ஊசிமருந்து போட்டவர்களைவிட அரை மணித்தியாலத்தில் இவர்கள் நன்றாக அசைந்தார்கள். ஆனால் அங்கே யாருக்கு எது என்று எல்லாருக்கும் தெரியும். 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, புதிதாக வந்த நாரி நோவுக்கு மருந்துக்கு முன்பு சூடு, மசாஜ், அக்குபங்சர் போன்றவற்றைப் பார்க்கலாம் என்று சொன்னது. சூட்டுக்கு ஓரளவு ஆதாரம், அக்குபங்சருக்குப் பலவீனமான ஆதாரம் என்று தாங்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். நான்கு பவுண் சுடுதண்ணிப் போத்தலுக்கு 55 பவுண் ஊசியைவிட நல்ல சான்றிதழ். அம்மா இரண்டையும் கொண்டுவந்தவர் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

மருந்துக்காரர்களும் பெருமைப்பட ஒன்றும் இல்லை. 2014இல் அவுஸ்திரேலியாவில் திடீர் நாரி நோ வந்த 1,652 பேருக்குப் பரசிட்டமோலும் வெற்றுக் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். பரசிட்டமோல் போட்டவர்கள் குணமாக 17 நாள், வெற்றுக் குளிசை போட்டவர்கள் 16 நாள். ஸ்கேன் எடுத்தால் தெரியும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. 1994இல் முதுகு நோவே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் புடைத்திருந்தது. ஒரு நோவும் இல்லாமல்! நான் ஸ்கேன் எடுத்திருந்தால் ஏதாவது ஒன்று காட்டியிருக்கும், வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

என் சொந்த ஊகம் ஒன்று. அந்த அறையில் எனக்கு நடந்த பெரிய விஷயம் ஊசி இல்லை, நடை. 111 பெண்மணியும் நட என்றுதான் சொன்னார், ஆனால் போனில். நான் பயந்து பயந்து நடந்தேன். இங்கே ஒருவர் பக்கத்தில் நின்று, ஊசி குத்தியிருக்கு, இனி நோகாது, குனி என்றார். நான் நம்பிக் குனிந்தேன். அப்பாவுக்கு 1998இல் அப்படி யாராவது சொல்லியிருந்தால் என்று யோசித்தேன். ஊசியோடு சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

பத்து முறைப் பொதியை நான் வாங்கவில்லை. பத்து முறை முடிய ஐந்து கிழமை. அதற்குள்ளே எப்படியும் மாறிவிடும். போகிற யோசனை உள்ளவர்கள் ஒரு முறை, இரண்டு முறை போய்ப் பாருங்கள், முற்பணம் கட்டாதீர்கள். உறை கிழிக்காத புது ஊசியா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். உள்ளூராட்சிப் பதிவோ உரிமமோ இருக்கா என்று கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுபவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நெஞ்சுக்குப் பின்பக்கம், தோளுக்குக் கிட்ட ஆழமாகக் குத்தினால் அபூர்வமாக நுரையீரல் வரை போய்விடும். நாரியில் அந்தப் பயம் குறைவு.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன்.

புதன் இரவு அம்மா போன் எடுத்து, "சுகமோ?" என்று கேட்டார். அலுப்பில், "ஓம் அம்மா, சுகம்" என்றேன். "ஊசிதானே?" "ஓம், ஓம்." போனை வைத்தேன். ஒரு வார்த்தை.

1971இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங்கில் குடல்வால் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். வழமையான மயக்க மருந்து கொடுத்துத்தான் வெட்டினார்கள். பிறகு வயிறு ஊதின அவதிக்கு மட்டும் ஊசி குத்தினார்கள். அதை அவர் அப்படியே எழுதினார். ஆனால் கதை வாய்மாறி வாய்மாறி, ஊசியை மட்டும் குத்தி வயிற்றை வெட்டினார்கள் என்று ஆகிவிட்டது. இன்றைக்கும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. என் கதைக்கும் அதுதான் நடந்தது. கோயிலில் "தம்பிக்கு எழும்பவே ஏலாமல் கிடந்தது, ஒரே ஊசியில ஓடித் திரியிறான்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். யாரோ ஒருவர், அப்ப பிரஷருக்கும் குத்தலாமே, குளிசை உடம்புக்குக் கூடாது என்று ஒரு வீடியோவை வட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்.

மூன்று கிழமை கழித்து அம்மா வீட்டுக்குப் போனேன். மகள் பிரஷர் மெசினோடு விளையாடக் கேட்டாள். அம்மாவின் கையில் கட்டிவிட்டோம். 171/98. திரும்பப் பார்த்தோம். 168/96. குளிசைப் பெட்டியைத் திறந்தேன். வியாழன், வெள்ளி, சனி, மூன்று குளிசையும் அப்படியே கிடந்தது.

"ஒண்டு விட்டு ஒரு நாள்தான் போடுறன், தம்பி. ஊசிக்குப் போறன்தானே. உனக்கு மாறினதுதானே."

கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. அந்தச் சீனத்து அம்மாவில் கோபப்பட ஏலாது. அவர் குளிசையை நிப்பாட்டச் சொல்லவே இல்லை, அம்மா பிரஷர் குளிசை போடுவதையே அவரிடம் சொல்லவில்லை. வீடியோக்காரர் எங்கேயோ இருக்கிறார். என் "ஓம், ஓம்" மட்டும்தான் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.

மேசையில் இருந்து கதைத்தோம். மகளை மனைவி தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

"அம்மா, எனக்கு ஊசியாலதான் மாறினது எண்டு எனக்குத் தெரியாது."

"நீதானே சொன்னாய்."

"சொன்னனான். பிழையாச் சொல்லிப்போட்டன். நாரி தானா மாறுற நோ. ஊசி குத்தினாலும் மாறும், குத்தாட்டிலும் மாறும். குத்தினது கொஞ்சம் உதவியிருக்கலாம். ஆனால் பிரஷர் தானா மாறாது. நோகவும் நோகாது. நோகாததாலதான் பயம்."

அமெரிக்காவில் 192 பேரை வைத்துப் பிரஷருக்கு ஊசி குத்திப் பார்த்ததையும், பொய் ஊசியைவிட அது ஒன்றும் கூடுதலாகக் குறைக்கவில்லை என்பதையும் சொன்னேன். அம்மாவுக்கு எண்கள் ஏறவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாக, "கொப்பாவையும் நாங்கள்தானே படுக்க வைச்சனாங்கள்" என்றார். நான் அதை எடுக்கவே இல்லை. அவராகவே அங்கே போய்விட்டார். "எல்லாரும் சொன்னவை, படுக்கச் சொல்லி. எனக்கு என்ன தெரியும்?"

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தேத்தண்ணி போட்டேன்.

அடுத்த நாள் அம்மாவின் டொக்டரிடம் கதைத்து, குளிசையை முன்பு போலவே தொடரச் சொன்னார்கள். காலில் வீக்கம் வருவதாலும்தான் அம்மா அந்தக் குளிசையை வெறுத்திருக்கிறார் என்பது அந்த அறையில்தான் எனக்கே தெரியவந்தது. வேறு குளிசை மாற்றித் தந்தார்கள். இரண்டு வருடமாக அந்த வீக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சீனத்து அம்மா முதல் நாளே காலைத் தொட்டுப் பார்த்து, ஏன் வீங்கியிருக்கு என்று கேட்டிருக்கிறார். அதையும் எழுதிவிட வேண்டும்.

ஊசியை அம்மா விடவில்லை. முழங்காலுக்குத் தொடர்ந்து போகிறார், நானும் விடச் சொல்லவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமைகளில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். எங்களுக்குள்ளே ஒரு ஒப்பந்தம்: காருக்குள் ஏற முதல் குளிசைப் பெட்டியைக் காட்ட வேண்டும், மெசினில் பார்த்த எண்ணைக் கொப்பியில் எழுத வேண்டும். போன சனி 138/84. மகள்தான் கொப்பியில் எழுதினாள், அதாவது பேனையைப் பிடித்தாள்.

என் நாரி இப்போது சரி. மகள்தான் இன்னும் நம்பவில்லை. கார் நின்றதும், "அப்பா பிரோக்கன், நானே இறங்குவன்" என்று தொங்கித் தொங்கி இறங்குகிறாள். போன கிழமை பையைக் கீழே வைத்துவிட்டு, கால் இரண்டையும் அகட்டி, முழங்காலை மடித்து, நேராக நின்று கையை நீட்டினேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு வந்தாள். 14.5 கிலோ.

அடுத்த மாதம் வீட்டுப்பாடம். கட்டாயம்.